அறுபத்தொரு பொய்யர்கள்

காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒலிபுகா அறை ஒன்று உண்டு. அதன் சுவர் எவ்வளவு கனம் என்றால், ஒருமுறை குழாய் பழுது பார்க்க வந்தவர் உள்ளே நின்று தும்மினார். அந்தத் தும்மல் இன்னும் வெளியே வந்து சேரவில்லை. அந்த அறையின் வாசலில் முப்பத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர் பீப் அக்கா. வருகிறவரை உள்ளே உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்தி, வெளியே இருந்து பொத்தானை அழுத்துவார். உள்ளே 'பீப்' என்று ஒலிக்கும். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கேட்ட இடத்தில் அட்டையில் ஒரு புள்ளி. வலது காதுக்குச் சிவப்புப் பென்சில், இடது காதுக்கு நீலம். வேலை அவ்வளவுதான்.

அக்காவுக்குக் கோபம் வரும். சில பேருக்கு ஜலதோஷம் வருகிற மாதிரி வருடத்துக்கு இரண்டு தரம் அல்ல. மூச்சு வருகிற மாதிரி வரும். அவர் வார்டு வழியாக நடந்து போனால் இரண்டு பக்கக் கட்டிலிலும் ரத்த அழுத்தம் பத்துப் புள்ளி ஏறும் என்று நர்ஸுகள் சொல்வார்கள். இதை யாரும் ஆராய்ச்சி செய்து நிரூபிக்கவில்லை. பொய் என்று நிரூபிக்கவும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

பிரிவு தொடங்கி அறுபது வருடம் ஆகிறது என்று விழா ஏற்பாடானது. பிரிவைத் தொடங்கிய பெரிய டாக்டரின் படம் வாசலில் மாட்டியாயிற்று. அவர் தம் காலத்தில் எடுத்த டான்சில்களை வரிசையாக அடுக்கினால் ரயில் நிலையம் வரை போகும் என்பார்கள். யாரும் அடுக்கிப் பார்க்காதது ஊர் செய்த புண்ணியம். படத்துக்குக் கீழே அவர் அடிக்கடி சொன்ன வாசகம்: 'மனிதன் பொய் சொல்வான், இயந்திரம் சொல்லாது.'

இயந்திரம் என்று அவர் சொன்னது, காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் தம் முதல் கேள்மானியை. இரும்புப் பெட்டி, உள்ளே வால்வுகள், வெளியே திருகு விசைகள். சின்னக் கழுதைக்குட்டி கனம். அது வந்ததும் பெரிய டாக்டர் அதுவரை காது பார்க்கப் பயன்படுத்திய இசைக்கவைகளை எல்லாம் துணியில் சுற்றி அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார். பதினோரு வருடம் அந்தப் பெட்டிதான் ஊருக்கு நீதிபதி. விழாவில் அதைக் கண்ணாடிப் பேழையில் வைப்பதாகவும், அமைச்சர் ஹெட்போனை மாட்டி 'பீப்' கேட்டுத் திறந்து வைப்பதாகவும் ஏற்பாடு.

கூடவே ஒரு விழா மலர். அதில் பெரிய டாக்டரின் புகழ்பெற்ற ஆராய்ச்சிக் கட்டுரையை மறுபடி அச்சிடப் போகிறார்கள்: 'பாசாங்குச் செவிடர் அறுபத்தொருவர்.'

அந்த அறுபத்தொருவரில் முப்பத்தெட்டாவது ஆள் பீப் அக்காவின் அப்பா.

கதை இதுதான். அந்தக் காலத்தில் ஊரில் ஒரு நெசவு மில். தறி ஓடும் கூடத்தில் நின்று ஒருவன் இன்னொருவனைக் கொலை செய்தால்கூட மூன்றாமவனுக்குத் தெரியாது, அத்தனை சத்தம். ஒரு காது போனவனை அங்கே இருந்து சத்தமில்லாத கிடங்குக்கு மாற்றலாம், இன்னொரு காதாவது பிழைக்கட்டும் என்று மில்லில் ஒரு விதி இருந்தது. ஆனால் காது போனது உண்மைதான் என்று பெரிய டாக்டர் எழுதித் தர வேண்டும். அக்காவின் அப்பாவுக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் வலது காது போய்விட்டது. இருபத்தைந்து வயதில், இடது காதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று வந்து உட்கார்ந்தார். பெரிய டாக்டர் சோதித்தார். கட்டுரையில் அதைப் பற்றி இரண்டு வரி: 'நோயாளி 38. தறித் தொழிலாளி, நெற்றியில் தழும்பு. செவிடு என்று சொன்ன வலது காது மிக நன்றாகக் கேட்கிறது. சிறந்த நடிகர்.'

டாக்டர் மில்லுக்கு எழுதிய கடிதத்திலும் இருந்த அந்தக் கடைசி இரண்டு சொல்லை மில் மேலாளர் கூடத்தில் எல்லார் முன்னாலும் தறியை நிறுத்திவிட்டுப் படித்தார். தறியை நிறுத்தியது அந்த வருடத்திலேயே அந்த ஒரு தடவைதான். அன்றிலிருந்து அப்பா மில்லில் நடிகர், தெருவில் நடிகர், ரேஷன் வரிசையில் நடிகர். அதே கூடத்தில் இன்னும் பத்தொன்பது வருடம் நின்றார். இடது காதும் பாதி போயிற்று.

பள்ளிக்கூடத்தில் 'நடிகர் மகளே' என்று கூப்பிட்ட ஒருத்தியின் முழங்கையை அக்கா கடித்திருக்கிறார். அதெல்லாம் ஒன்பது வயதில். இருபத்து நான்காம் வயதில் இந்தப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, யாரும் இல்லாத நேரம் பார்த்து, இரும்பு அலமாரியில் இருந்து முப்பத்தெட்டாம் அட்டையை உருவிப் பார்த்தார். வலது காதின் சிவப்புக் கோடு மேலே, ஆரோக்கியமாக. இடது காதின் நீலக் கோடு பாதாளத்தில். அப்பாவோ வலதுதான் செவிடு என்று சொன்னவர். இடது காதில்தான் அவர் வீட்டில் எல்லாமே கேட்கிறார். இது என்ன கூத்து என்று யோசிக்கலாம். ஆனால் அட்டையின் அடியில் பெரிய டாக்டர் எழுதியிருந்தார்: 'பொய்யரின் வரைபடத்தில் எந்தக் கோட்டையும் நம்ப வேண்டாம்.' படித்த பெண் நம்பினாள். வலது காது பிற்பாடு வயதில் போயிருக்கும் என்று முடிவும் கட்டினாள்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னார். "கார்டைப் பாத்தேன்பா. அன்னைக்கு நீங்க பொய்தான் சொல்லியிருக்கீங்க."

அப்பா எழுந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதிலிருந்து முப்பத்திரண்டு வருடமாக, மகள் பேசும்போதெல்லாம் அவளுக்கு வலது காதைத்தான் காட்டுவார்.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு மெக்கானிக் பழைய பெட்டிக்கு உயிர் கொடுத்துக் கொண்டுவந்தான். "அக்கா, போட்டுப் பாருங்க. அமைச்சர் காதுல புகை கிகை வந்தா என்னைத்தான் பிடிச்சு உள்ள வைப்பாங்க."

அக்கா ஹெட்போனை மாட்டினார், சிவப்பு வலது, நீலம் இடது. விசையை 'வலது' என்று வைத்து அழுத்தினார். பீப். இடது காதில் கேட்டது.

'இடது' என்று வைத்தார். வலது காதில் கேட்டது.

"ஏன்டா, வேலை தெரிஞ்சுதான் வந்தியா, இல்ல இங்க வந்து கத்துக்கலாம்னு வந்தியா? வயரை மாத்திக் குடுத்திருக்க!"

"நானா? அக்கா, ரெண்டு வால்வு மாத்துனேன், ஒரு ஃபியூஸ் போட்டேன். வயரை நான் தொடவே இல்ல."

"தொடாம எப்படிடா மாறும்? அதுவா நடந்து போச்சா?"

மெக்கானிக் திருப்புளியைக் கீழே வைத்தான். பெட்டியைத் திருப்பி, ஹெட்போன் கம்பி உள்ளே போகும் மூடியைக் காட்டினான். அதன் மேல் அரக்கு. அரக்கின் மேல் தொழிற்சாலை முத்திரை. ஒரு கீறல் இல்லை. பூச்சி அரித்த தூசி மட்டும் அறுபது வருடத்துக்கு உண்டானது இருந்தது.

"பொறக்கும்போதே இப்படித்தான் பொறந்திருக்கு அக்கா."

"பதினோரு வருஷம் ஓட்டியிருக்காங்களே. ஒருத்தருக்கும் தெரியாமலா?"

"எப்படித் தெரியும்? சோதிச்சுப் பாக்கறவங்களுக்கு ரெண்டு காதும் நல்லா இருக்கும். பீப்னு கேட்டா சரி, ஓடுதுன்னு வேலையைப் பாக்கப் போயிருவாங்க. எந்தப் பக்கம்னு யாரு பாப்பா? ஒரு காது மட்டும் போனவன் வந்தாத்தான் குட்டு வெளிப்படும்."

சொல்லிவிட்டு அவன் டீ குடிக்கப் போனான். தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குத் தெரியாது. நல்லவேளை, தெரிந்திருந்தால் அன்று டீ இறங்கியிருக்காது.

அக்கா ஹெட்போனைக் கழற்றினார். ஒரு காது மட்டும் போனவன். அவர்கள்தானே வந்தார்கள்? வலது செவிடு என்று ஒருவன் வந்து உட்காருவான். டாக்டர் விசையை 'வலது' என்று வைப்பார். ஒலி நல்ல இடது காதில் போய் விழும். அவன் யோக்கியன், கேட்டது, கையைத் தூக்குவான். டாக்டர் எழுதுவார்: செவிடு என்ற காதில் கேட்கிறது. பொய்யன்.

கையைத் தூக்காமல் ஏமாற்றியிருந்தால் தப்பித்திருப்பான்.

இரும்பு அலமாரி திறந்தது. திறந்தது என்பது மரியாதைச் சொல். கதவு அதற்குப் பிறகு மூடவே இல்லை. அறுபத்தொரு அட்டைகளையும் அக்கா தரையில் பரப்பினார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அப்பாவின் அட்டையில் கோட்டையும் அடிக்குறிப்பையும் மட்டும் பார்த்தவர், இப்போது பின்பக்கம் திருப்பினார். குறிப்புகளுக்கான கட்டம். பெரிய டாக்டரின் கையெழுத்து முத்துக் கோத்த மாதிரி.

ஏழாம் ஆள்: 'சத்தம் மற்றக் காதில் வருகிறது என்று பிடிவாதம் செய்தான்.' பத்தொன்பதாம் ஆள்: 'சத்தம் இந்தப் பக்கம் இல்லை ஐயா, அந்தப் பக்கம் என்று அழுதான்.' முப்பத்தெட்டு: 'சத்தம் மறுபக்கம் வருவதாக மூன்று முறை வாதாடினார். வெளியே அனுப்பப்பட்டார்.' ஐம்பத்தைந்தாம் ஆளிடம் வரும்போது டாக்டருக்கே அலுத்துவிட்டது: 'வழக்கமான அதே பொய்.'

அறுபத்தொரு பேர். வெவ்வேறு வருடம், வெவ்வேறு தெரு. ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து பெரிய டாக்டர் கண்டுபிடித்தது என்ன? கட்டுரையின் முடிவில் அச்சிலேயே இருந்தது: 'மில்லில் ஒருவர் மற்றவருக்குப் பொய்யைப் பயிற்றுவிக்கின்றனர்.'

பன்னிரண்டாம் வருடம் புது இயந்திரம் வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை இந்தப் பிரிவில் பிடிபட்ட பாசாங்குச் செவிடர்கள் நான்கே பேர். எண்ணிக்கை குறைய ஆரம்பித்தபோதே அதற்கும் பெரிய டாக்டர் காரணம் எழுதிவைத்திருந்தார்: 'என் கண்டிப்பினால் ஊர் திருந்திவிட்டது.'

அக்காவுக்கு வந்த கோபத்தை அளக்கக் கருவி இல்லை. முதல் பாதி பெரிய டாக்டர் மேல். இரண்டாம் பாதி எங்கே போய் நின்றது என்பது அக்காவுக்குத்தான் தெரியும். கேள்மானி வரைபடம் படிக்கத் தெரிந்த ஒருத்தி, உண்மையான வரைபடத்தை வீட்டிலேயே நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு, முப்பத்திரண்டு வருடம் காகிதத்தை நம்பியிருக்கிறாள்.

அட்டைகளை வாரிக்கொண்டு தலைமை டாக்டர் அறைக்குப் போனார். தலைமை டாக்டர் நாற்பத்தெட்டு வயதுக்காரர், நல்ல கைராசி, யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள சுவருக்கு ஆதரவாகப் பேசுவார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"என்னம்மா, விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போடறீங்க?"

"குண்டை நான் போடல சார். போட்டு அம்பத்தெட்டு வருஷம் ஆச்சு. நான் சத்தத்தை மட்டும்தான் சொல்றேன்."

"வயர் அப்பவே மாறியிருந்ததா, நடுவுல யாராவது மாத்துனாங்களான்னு யாருக்குத் தெரியும்?"

"அரக்கு முத்திரை இருக்கு. பின்பக்கம் படிங்க. அறுபத்தொரு பேரும் அதையேதான் சொல்லியிருக்காங்க."

"பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கலாமே? பெரியவர் அதைத்தானே எழுதியிருக்கார்."

அக்கா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருந்தால் அது நல்ல சகுனம் இல்லை என்பது பிரிவில் பூனைக்குக்கூடத் தெரியும். தலைமை டாக்டருக்குத் தெரியவில்லை.

"சரி சார். அமைச்சர் மாட்டிக்கப் போற மிஷின். நீங்க ஒரு தடவை உக்காந்து பாத்துருங்க."

"அதுவும் சரிதான்," என்றார் அவர், தப்பித்தோம் என்று.

பெட்டியை ஒலிபுகா அறைக்கு வெளியே மேசையில் வைத்து, ஹெட்போன் கம்பியைச் சுவர்த் துளை வழியாக உள்ளே விட்டார்கள். தலைமை டாக்டர் முக்காலியில் உட்கார்ந்தார். அக்கா மெழுகு தோய்த்த பஞ்சை உருட்டி அவருடைய வலது காதில் திணித்தார். கொஞ்சம் தாராளமாகவே.

"இது எதுக்கும்மா?"

"நீங்க ஒரு காது போன தறிக்காரர். கேட்டா கையைத் தூக்குங்க. உள்ள மைக் இருக்கு, பேசினா எனக்குக் கேக்கும்."

அக்கா கதவைச் சாத்தினார். விசை 'வலது'. பீப். உள்ளே இருந்தவர் சட்டென்று கையைத் தூக்கினார். இன்னும் மெல்லிய பீப். தூக்கினார். அக்கா சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனார். விசை 'இடது'. பீப். கை அசையவில்லை. சத்தத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். ரொம்ப நேரம் கழித்து, சந்தேகத்தோடு ஒரு விரல் எழுந்தது.

"வலது காது பிரமாதமா கேக்குது," என்றார் அக்கா மைக்கில். "இடதுதான் போயிருக்கு. நீங்க வலதுன்னு சொல்லிக்கிட்டு வந்தீங்க."

"இல்லம்மா, சத்தம் இந்தப் பக்கம் வரல. அந்தப் பக்கம்தான் வருது."

"விசை வலதுன்னு இருக்கு. நீங்க கையைத் தூக்குனீங்க."

"தூக்குனேன், ஆனா இடதுல கேட்டதுக்குத் தூக்குனேன். நீங்க மாத்தி எழுதறீங்க!"

"மிஷின் பொய் சொல்லாது சார். உங்களுக்கு யாரு இதைச் சொல்லிக் குடுத்தா?"

"என்ன விளையாட்டு இது? கதவைத் திறங்க!"

அந்தக் கதவின் கைப்பிடி வெளியே மட்டும்தான். அக்கா மைக்கை அணைத்தார். பின்கட்டத்தில் நிதானமாக எழுதினார். பிறகு போய்க் கை கழுவினார், அலமாரிச் சாவியைத் தேடினார், மெக்கானிக்கிடம் டீ எங்கே நன்றாக இருந்தது என்று விசாரித்தார். இருபது நிமிடம். தலைமை டாக்டர் உள்ளே கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அந்த அறையைக் கட்டியதே அதற்குத்தான். அந்த இருபது நிமிடத்தில் அவர் சட்டை மூன்று சுற்று தொளதொளத்துவிட்டது என்று மெக்கானிக் சத்தியம் செய்கிறான்.

கதவைத் திறந்ததும் அக்கா அட்டையை நீட்டினார். பின்பக்கம்: 'சத்தம் மறுபக்கம் வருவதாக வாதாடினார். வழக்கமான அதே பொய்.'

தலைமை டாக்டர் காதில் இருந்து பஞ்சைப் பிடுங்கினார். முகம் சிவந்திருந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தார். அட்டையை மறுபடி பார்த்தார். பிறகு அக்கா மேசையில் அடுக்கியிருந்த அறுபத்தொன்றையும் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம்கூட தாங்க முடியலம்மா," என்றார். "நான் உண்மையைச் சொல்றேன், நீங்க எழுதிக்கிட்டே இருக்கீங்க."

"எங்கப்பாவுக்கு அம்பத்தெட்டு வருஷம்."

அவர் உட்கார்ந்தார். பழக்கதோஷம், சுவருக்கு ஆதரவாகப் பேச ஆரம்பித்தார். "மலர் அச்சுக்குப் போயாச்சு. விழா முடியட்டும். பிழைதிருத்தம்னு ஒரு சின்னச் சீட்டு உள்ள வச்சிரலாம்."

"சீட்டா?" அக்காவின் குரல் உயரவில்லை. இறங்கியது. அது இன்னும் மோசம். "சினிமா டிக்கெட் சைஸ்லயா சார்? மேலாளர் தறியை நிறுத்திட்டுப் படிச்சாரே, அவரு சீட்டுலயா படிச்சாரு? அந்த ஆளோட மிச்சக் காதையும் அதே கூடத்துல வச்சுத் தின்னீங்களே, அதுக்கு ஒரு சீட்டு! கிழிச்சு எறிங்க அந்தக் கட்டுரையை. இல்லன்னா உங்க கார்டை அறுபத்திரண்டுன்னு நம்பர் போட்டு அமைச்சர் கையில நானே குடுப்பேன்."

அன்று மாலைக்குள் மலரிலிருந்து எட்டுப் பக்கம் உருவப்பட்டது. அந்த இடத்தில் வேறு விஷயம் கிடைக்காமல் ஆஸ்பத்திரியின் டெலிபோன் எண்களை எட்டுப் பக்கத்துக்குப் பெரிய எழுத்தில் போட்டார்கள். விழாவுக்கு வந்தவர்கள் பிற்பாடு அதுதான் மலரிலேயே உபயோகமான பகுதி என்றார்கள்.

அக்கா அதோடு விடவில்லை. பிரிவின் தலைப்புத் தாளில், ஒவ்வொரு அட்டைக்கும் ஒன்றாக, நோயாளி எண்ணும் பெயரும் போட்டு அறுபத்தொரு சான்றிதழ் எழுதினார். கோடுகள் இரண்டையும் இடம் மாற்றி வரைந்து, அடியில் ஒரே வாசகம்: 'இவர் உண்மை சொன்னார். தவறு எங்களுடையது.' தலைமை டாக்டர் கையெழுத்துப் போட்டார். நாற்பதாவதில் கை வலிக்கிறது என்றார். அக்கா அவரைப் பார்த்தார். வலி போய்விட்டது.

வீட்டில் அப்பா ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பத்து மூன்று வயது. மகள் வந்ததும் வழக்கம்போல் வலது பக்கத்தைக் காட்டினார். அக்கா நாற்காலியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் நின்றார். அப்பா திரும்பிக்கொண்டார். அக்கா மறுபடி சுற்றினார். இப்படி இரண்டு சுற்று நடந்தது. கடைசியில் அக்கா நாற்காலியை ஆளோடு சேர்த்துப் பிடித்து நிறுத்தினார்.

"மிஷின்ல வயர் மாறியிருந்துச்சுப்பா. சத்தம் மறுபக்கம்தான் வந்திருக்கு. நீங்க சொன்னது நிஜம்."

அக்கா நீட்டிய சான்றிதழை அப்பா வாங்கினார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். நெற்றித் தழும்பு சுருங்கியது. நன்றி, கண்ணீர் என்று எதையாவது எதிர்பார்த்திருந்தால் அக்கா ஏமாந்திருப்பார்.

"மூணு தடவை சொன்னேன் அந்த ஆள்கிட்ட," என்றார். "மூணு தடவை. கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுனான். அவனை விடு, அவன் போய்ச் சேந்துட்டான். நீ? என் கையால சோறு தின்னு வளந்தவதானே? உனக்கு அந்த மிஷின்தான் அப்பனா?"

"தப்புதான்."

"என்ன?"

"தப்புதான்பா!"

"தப்புன்னா? முப்பது வருஷம் என் மூஞ்சியைப் பாத்து என்ன நெனச்சே, அதைச் சொல்லு."

"பொய்யர்னு நெனச்சேன்."

அப்பா தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இதைப் படி."

அக்கா படித்தார்.

"கேக்கல."

சத்தமாகப் படித்தார்.

"கேக்கல. உனக்குத்தான் தெரியுமே, பாதிக் காது. இப்படி ஜன்னல்கிட்ட வந்து படி."

அக்கா ஜன்னலை விரியத் திறந்து, முப்பத்திரண்டு வருடம் ஒலிபுகா அறை வாசலில் அடக்கி வைத்த தொண்டையைத் திறந்தார். 'நோயாளி முப்பத்தெட்டு' என்ற இடத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. 'இவர் உண்மை சொன்னார்' என்ற இடத்தில் சைக்கிளில் போனவன் காலை ஊன்றி நின்றான். மூன்றாம் முறை படிக்கும்போது தெருவில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஐந்தாம் முறைக்குப் பக்கத்து ஊரில் இரண்டு பேர் என்னவென்று கேட்டுக்கொண்டார்களாம். அக்காவுக்குத் தொண்டை கட்டியது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை பார்ப்பவர் என்பதால் அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. 

 எதிர்வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்து எப்போதும் கூப்பிடும் பெயருக்கு வாயெடுத்து, பாதியில் மென்று விழுங்கி, "அண்ணே," என்றார். அறுபது வயதில் அவர் அந்த வார்த்தையை அப்பாவிடம் சொல்வது அதுதான் முதல் தடவை.

அப்பா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். அக்கா மேசையில் வைத்திருந்த மற்றச் சான்றிதழ்க் கட்டை எடுத்து ஒவ்வொரு தாளாகப் பெயர் பார்த்தார். சில தாளில் நின்றார். சிலதைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இதுல பாதிப் பேரு போயிட்டாங்க," என்றார். "வீடு இருக்கும். பிள்ளைங்க இருப்பாங்க. பதினாலு வீடு எனக்குத் தெரியும். செருப்பைப் போடு."

"நாளைக்குப் போலாம்பா. தொண்டை போச்சு."

"நீ ஏன் கத்தணும்?" என்று அப்பா வாசலில் இறங்கினார். "இனிமே நான் படிக்கிறேன்."